லேபிள்ல இருக்கிற பேரு, ரெக்கார்டுல இல்லாத ஆளு

1938ல லண்டன்ல பதிவு பண்ண சில பாட்டுங்க இருக்கு, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம் சொச்சம்தான். பழைய 78 கிராமபோன் தட்டுல இருந்து யாரோ புண்ணியவான் டிஜிட்டல் பண்ணிப் போட்டிருக்கார், பின்னாடி எண்ணெய்ச் சட்டியில கடுகு பொரியற மாதிரி ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும், அதைத் தாண்டிக் கேட்டா டிரம்பெட்காரங்க கூட்டமா ஒரு கேள்வி கேப்பாங்க, அது முடியறதுக்குள்ள சாக்ஸபோன்காரங்க பதில் சொல்லுவாங்க, நடுவுல ஒரு கிளாரினெட் புகுந்து ரெண்டு பேரையும் கிண்டல் பண்ணிட்டுப் போகும். லேபிள்ல போட்டிருக்கிற பேரு கென் ஜான்சன். வேடிக்கை என்னன்னா அந்தக் கென் ஜான்சன் அதுல ஒரு வாத்தியம்கூட வாசிக்கல. ஸ்கூல்ல வயலின் கத்துக்கிட்டவர்தான், ஆனா இந்த பேண்ட்ல அவர் வேலை முன்னாடி நின்னு குச்சிய ஆட்டுறது, சிரிக்கிறது, அப்புறம் இடுப்ப வளைச்சு ஒரு ஆட்டம் ஆடுறது. அந்த இடுப்புக்காகத்தான் ஊர் அவருக்கு 'ஸ்நேக்ஹிப்ஸ்'னு பட்டம் குடுத்துச்சு. ரெக்கார்டுல இடுப்பு எப்படிங்க கேக்கும்?

எனக்கு இந்தக் கதை மேல ஏன் இவ்வளவு பிடிவாதமான ஆர்வம்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா நடுவுல நான் ஒரு பக்கமா சாய்ஞ்சு எழுதறதா நினைப்பீங்க (சாய்ஞ்சுதான் எழுதப் போறேன்). காலேஜ்ல நாங்க ஆறு பேர் ஒரு மெல்லிசைக் குழு வச்சிருந்தோம். நான் கீபோர்டு. பாட்டைக் கேசட்ல திரும்பத் திரும்பப் போட்டு நோட்ஸ் எடுத்து, யாருக்கு எந்த பிட்டுன்னு பிரிச்சு எழுதி, ரிகர்சல்ல கத்தி, தபேலாக்காரனை வீட்டுல போய் எழுப்பிக் கூட்டிட்டு வந்து, எல்லாம் நான். மூணாவது திருவிழாக் கச்சேரிக்குப் போய் இறங்குறோம், பேனர்ல எங்க பாடகன் பேரு ஆளுயரத்துக்கு, கீழ 'குழுவினர்'. அந்தக் 'குழுவினர்'ல அஞ்சுல ஒரு பங்கு நான். ரெண்டு வருஷம் அவன்கூடப் பேசல. இப்ப பேசறோம், அது வேற கதை.

ஆன்சைட்ல லண்டன்ல இருந்தப்ப, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூம்ல தனியா உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்குப் பதிலா ஒரு சர்ச் ஹால்ல நடக்கற ஸ்விங் டான்ஸ் கிளாஸுக்குப் போக ஆரம்பிச்சேன். ஆடத் தெரியாது, இப்பவும் தெரியாது. ஆனா அங்க போடற பழைய பாட்டுங்களோட தாளம் பிடிச்சுப்போச்சு. ஸ்விங்னா என்னன்னு நம்ம பாஷையில சொல்லணும்னா, 'தக தக தக தக'ன்னு சமமா வர வேண்டியதை 'தாஅக தாஅக தாஅக'ன்னு முதல் எழுத்தை இழுத்து, ரெண்டாவதை அவசரமா அமுக்கிச் சொல்லிப் பாருங்க, கால் தானா ஆடும். அதை எழுதி வச்சு வாசிக்க முடியாது, எழுதறப்ப ரெண்டும் ஒரே அளவுதான், வாசிக்கறவன் உடம்புல அது இருக்கணும். பதினாலு பேர் உடம்புலயும் ஒரே அளவுல இருக்கணும்கிறதுதான் கஷ்டம். அந்தக் கிளாஸ்ல சொல்லிக்குடுத்த அம்மாதான் ஒருநாள் இடைவேளையில டீ குடிச்சுக்கிட்டே, இங்கிலாந்துல ஒரு கறுப்பின ஸ்விங் பேண்ட் இருந்துச்சு தெரியுமா, குண்டு போட்டுச் செத்தாங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் சொல்றது அந்தக் குண்டுலதான் ஆரம்பிக்கும், அதுலயே முடியும். நான் அதுக்கு முன்னாடி பின்னாடி போய்த் தோண்டினேன்.

கென் ஜான்சன் பொறந்தது 1914ல, பிரிட்டிஷ் கயானாவோட தலைநகர் ஜார்ஜ்டவுன்ல. ஆமா, அதே டெமராரா, மெட்ராஸ்ல இருந்து நம்ம ஜனங்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல ஏத்திட்டுப் போன ஊரு. ஆனா இவங்க தோட்டத்துக் குடும்பம் இல்ல, அப்பா டாக்டர். பையனும் டாக்டர் ஆகணும்னு 1929ல இங்கிலாந்துக்கு அனுப்பி, மார்லோங்கிற ஊர்ல ஒரு நல்ல ஸ்கூல்ல சேத்துவிட்டாங்க. பையன் ஆறடி நாலங்குலம் வளர்ந்தான், விளையாட்டுல கெட்டி, ஆனா மனசு பூரா ஆட்டத்துல. அப்ப லண்டன்ல படி பிராட்லின்னு ஒரு அமெரிக்கக் கறுப்பின டான்ஸ் மாஸ்டர் இருந்தார், அங்க மேடையில ஆடற பெரிய பெரிய ஆளுங்களுக்கே சொல்லிக்குடுத்தவர், அவர்கிட்டப் போய்ச் சேர்ந்துட்டான். டாக்டர் அப்பாவோட மூஞ்சிய நினைச்சுப் பாருங்க, அந்த மூஞ்சிய நமக்கெல்லாம் நல்லாத் தெரியும்.

1934 வாக்குல ஜான்சன் கரீபியனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு ரவுண்டு போனார். நியூயார்க்ல கறுப்பின மக்கள் வாழற ஹார்லெம் பகுதியில கேப் காலோவே மாதிரி ஆளுங்க பேண்ட் முன்னாடி நின்னு வெள்ளைக் கோட்டு பறக்க ஆடறதைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டார், நமக்கு இதுதான். 'ஸ்நேக்ஹிப்ஸ்'ங்கிற பட்டம்கூட அங்க ஏற்கனவே எர்ல் டக்கர்னு ஒரு ஆட்டக்காரருக்கு இருந்ததுதான், இவர் அதைச் சூட்டோட எடுத்துட்டு வந்துட்டார். லண்டன் வந்து எறங்கறப்ப கையில ஆட்டம் இருக்கு, பட்டம் இருக்கு, சிரிப்பு இருக்கு. பேண்ட் மட்டும் இல்ல.

பேண்ட் யார்கிட்ட இருந்துச்சுன்னா, லெஸ்லி தாம்சன் தலைக்குள்ள. என் கட்சி ஆளு. ஜமைக்காவுல கிங்ஸ்டன்காரர், 1901ல பொறந்தவர், ஏழைப் பசங்களுக்குப் பேண்ட் வாத்தியம் சொல்லிக்குடுத்து ஆளாக்கின ஆல்ஃபா ஸ்கூல்ல படிச்சு, பட்டாளத்து பேண்ட்ல சேர்ந்து, அங்கிருந்து இங்கிலாந்துல நெல்லர் ஹால்ங்கிற ராணுவ இசைப் பள்ளி வரைக்கும் வந்து பயிற்சி எடுத்தவர். டிரம்பெட் முக்கியம், ஆனா கையில எது குடுத்தாலும் வாசிப்பார். திரும்ப லண்டனுக்கு வந்து தங்கினதும் 1929லதான், கென் ஜான்சன் ஸ்கூல் பையனா வந்த அதே வருஷம். அமெரிக்க ஜாஸ் ஜாம்பவான் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஐரோப்பாவுல சுத்துனப்ப அவர் பேண்ட்ல உக்காந்து வாசிச்சவர் இந்தத் தாம்சன். அப்படியும் லண்டன்ல அவர் நிலைமை என்னன்னா, வேலை கிடைக்கும், ஆனா பெரிய ஹோட்டல் பேண்ட்ல நிரந்தரமா ஒரு நாற்காலி கிடைக்கிறது குதிரைக் கொம்பு. காரணத்தைச் சத்தமா யாரும் சொல்ல மாட்டாங்க. தோல்தான்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், இல்லன்னா 1936ல ஏன் திடீர்னு இந்த பேண்ட் முளைச்சுதுன்னு விளங்காது. 1930கள் ஆரம்பத்துல ஆர்ம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், காலோவே எல்லாரும் இங்கிலாந்து வந்து அடிச்சு நொறுக்கிட்டுப் போயிருந்தாங்க, ஜனங்களுக்கு அந்த ருசி ஏறிப்போச்சு. ஆனா இங்கத்த ஆளுங்களை அமெரிக்காவுல வாசிக்க விடமாட்டேங்கிறாங்கன்னு ரெண்டு நாட்டு வாத்தியக்காரர் சங்கங்களுக்கும் தகராறு, 1935ல பிரிட்டிஷ் அரசாங்கம் அமெரிக்க பேண்ட்களுக்கு பெர்மிட் குடுக்கறதையே நிறுத்திடுச்சு. அது இருபது வருஷம் நீடிச்சது. அப்போ கிளப் முதலாளிக்கு ஹார்லெம் மாதிரி இருக்கணும், ஆனா ஹார்லெம்ல இருந்து ஆள் வரவழைக்க முடியாது. ஜமைக்காக்காரன், டிரினிடாட்காரன், கார்டிஃப் துறைமுகத்துல பொறந்த கறுப்பினப் பையன், இவங்கெல்லாம் பிரிட்டிஷ் பிரஜை, பெர்மிட்டே வேண்டாம். சட்டம் ஒரு கதவைச் சாத்துனப்ப பக்கத்துச் சந்து தானா திறந்துச்சு, அவ்ளோதான்.

தாம்சன் ஆள் தேடினார். கறுப்பின பிரிட்டிஷ் வாத்தியக்காரங்களை மட்டும் வச்சு ஒரு முழு ஸ்விங் பேண்ட். ஜமைக்காக்காரங்களைப் பிடிச்சார், டிரம்பெட்டுக்கு லெஸ்லி ஹட்சின்சன், 'ஜைவர்'னு கூப்பிடுவாங்க. கார்டிஃப்ல இருந்து ஜோ டெனிஸ்னு ஒரு கிட்டார் பையன், அப்பா கேப் வெர்ட் தீவுக்காரர், கப்பல் வேலை. டிராம்போனுக்கு மட்டும் ஆள் சிக்கல. என்ன பண்ணாங்க தெரியுமா, ரெண்டு வெள்ளைக்காரங்களைச் சேத்து மூஞ்சில மை பூசி உக்காரவச்சாங்க. வெள்ளையும் கறுப்பும் கலந்து ஒரே மேடையில உக்காந்தா பாக்கறவங்க முகம் சுளிப்பாங்களாம், ஆனா கரி பூசுன மூஞ்சி ஓகேவாம். இதைப் படிச்சுட்டு நான் சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு.

தாம்சன் வாரக்கணக்கா ரிகர்சல் வச்சு எல்லாருக்கும் அந்த 'தாஅக'வை உடம்புல ஏத்தினார். முன்னாடி நின்னு ஆட, ஜனங்களை இழுக்க, அழகா ஒரு ஆள் வேணும், ஜான்சன் இருந்தார். ரெண்டு பேருக்கும் லாபம். 1936ல பேண்ட் கிளம்பிச்சு, ஊர் ஊரா தியேட்டர்கள்ல வாசிச்சாங்க, பேரு வந்துச்சு, லண்டன்ல மேஃபேர் பக்கம் ஓல்டு ஃப்ளோரிடாங்கிற கிளப்ல நிரந்தர வேலையும் படிஞ்சுது. அந்தச் சமயத்துலதான் தாம்சனுக்குத் தெரியவருது, ஜான்சனும் மேனேஜரும் சேர்ந்து ஒப்பந்தத்தைத் தங்களோட பேருல போட்டுக்கிட்டாங்க, பேண்ட் சட்டப்படி இவரோடது இல்ல. ஆள் சேத்தது இவர், பழக்குனது இவர், பேப்பர்ல இவர் இல்ல. 1937ல வெளியேறிட்டார், கூடவே ஜமைக்காக்காரங்க சில பேரும் போயிட்டாங்க.

இந்த இடத்துல எனக்கு எப்பவும் ரத்தம் கொதிக்கும். ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும். பாதி பேண்ட் காலியானப்ப ஜான்சன் உக்காந்து அழல, வெஸ்ட் இண்டீஸ்ல இருந்தே வாத்தியக்காரங்களை இறக்கினார். டிரினிடாட்ல அனாதை இல்லத்துல வளர்ந்து போலீஸ் பேண்ட்ல வாசிச்சுக்கிட்டிருந்த கார்ல் பாரிட்டோ, அந்தக் கிண்டல்காரக் கிளாரினெட் இவர்தான். பார்படோஸ்காரர் டேவ் வில்கின்ஸ், டிரம்பெட். சாக்ஸபோன்ல டேவ் 'பாபா' வில்லியம்ஸ், ஜார்ஜ் ராபர்ட்ஸ். இவங்க வந்தப்புறம்தான் பேண்ட் உண்மையிலேயே பறந்துச்சு, 1938 ரெக்கார்டுல நாம கேக்கறது இவங்களைத்தான். அதாவது அந்த ரெக்கார்டுல பேண்டை உருவாக்கின தாம்சனும் இல்ல, பேருக்குச் சொந்தக்காரர் ஜான்சன் சத்தமும் இல்ல. ரெண்டு பேர் சண்டை போட்ட வீட்டுல மூணாவது ஆள் குடியிருந்து பாட்டுப் பாடற மாதிரி.

எங்க பாடகனும் அப்படித்தான், நான் விலகினதும் ஒரே மாசத்துல வேற கீபோர்டுக்காரனைப் பிடிச்சுட்டான். என்னைவிட நல்லா வாசிக்கறவன். இதை எழுத எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆகியிருக்கு.

பேண்ட் பேரு கடைசியில வெஸ்ட் இண்டியன் டான்ஸ் ஆர்கெஸ்ட்ரான்னு நிலைச்சுது. பிபிசி ரேடியோவுல வர ஆரம்பிச்சாங்க, அதனால லண்டன் கிளப் வாசலையே மிதிக்காத ஊர்க்காரங்ககூட சமையல்கட்டுல நின்னுக்கிட்டு இவங்களைக் கேட்டாங்க. போர் ஆரம்பிச்ச சமயத்துல கஃபே டி பாரீஸ்ல வேலை. கவென்ட்ரி தெருவுல, பிக்கடில்லிக்கும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் நடுவுல, ஒரு சினிமா தியேட்டருக்குக் கீழ பாதாளத்துல இருக்கிற இடம். ராஜ வம்சத்து ஆளுங்க வந்து போன கிளப். நான் அந்த வாசல்ல நின்னு பாத்திருக்கேன், அப்ப அது ஏதோ ஆட்டம்பாட்டமா நைட்கிளப்பா ஓடிக்கிட்டிருந்துச்சு, 2020 கடைசியில இழுத்து மூடிட்டாங்க. உள்ள படி இறங்கணும், இறங்கினா மேல சுத்தி பால்கனி, அங்கிருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு இறங்கற மாடிப்படி, அந்த ரெண்டு படியும் சேர்ற இடத்துலதான் பேண்ட் மேடை. நடுவுல சின்னதா ஆடற தளம். பூமிக்கு இருபது அடி கீழ இருக்கோம், லண்டன்லயே பத்திரமான ரெஸ்டாரண்ட் இதுதான்னு போர்க்காலத்துல விளம்பரமே பண்ணாங்க. குண்டு விழற ஊர்ல அதைவிட நல்ல விளம்பரம் வேற என்ன இருக்கு.

1941 மார்ச் 8, சனிக்கிழமை. ஊரே இருட்டடிப்பு, மேல விமானம் சுத்துது. ஜான்சன் வேற கிளப்ல நண்பர்களோட உக்காந்திருந்தார், இன்னைக்குப் போகாதன்னு அவங்க தடுத்தும், டைம் ஆச்சுன்னு இருட்டுல ஓடியே வந்து சேர்ந்தார்னு சொல்வாங்க. வந்து மேடை ஏறி முதல் பாட்டு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ரெண்டு குண்டு மேல தியேட்டரைத் தாண்டிக் காத்துப் போற குழாய் வழியா உள்ள இறங்கிடுச்சு. ஒண்ணு பேண்டுக்கு முன்னாடியே வெடிச்சுது. குறைஞ்சது 34 பேர் போயிட்டாங்க, எண்பது பேர் மாதிரி காயம். ஜான்சன் அங்கேயே முடிஞ்சார், வயசு 26. பாபா வில்லியம்ஸும் போயிட்டார். பாரிட்டோவுக்குக் கை உடைஞ்சுது, ஜோ டெனிஸுக்குக் கால்ல அடி. இருட்டுல செத்தவங்க விரல்ல இருந்து மோதிரத்தைக் கழட்டிட்டுப் போன ஆளுங்களும் அங்க இருந்தாங்க, அதையும் சொல்லணும், வீரக் கதையா மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது.

ஜான்சன்கூட வாழ்ந்துக்கிட்டிருந்தவர் ஜெரால்டு ஹாமில்டன்னு அவரைவிட ரொம்ப மூத்த ஒரு ஆளு. அந்தக் காலத்துல ரெண்டு ஆம்பளைங்க அப்படி வாழ்ந்தா சட்டப்படி குற்றம். அவர் அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் ஜான்சன் போட்டோவை ஃப்ரேமோட எடுத்துட்டுப் போவாராம். ஜான்சனோட சாம்பல் மார்லோவுல அவர் படிச்ச ஸ்கூல் சேப்பல்லயே இருக்கு.

அஞ்சு வருஷம்கூட ஓடாத பேண்ட். ஆனா எனக்கு முக்கியமாப் படறது அதுக்கப்புறம் நடந்தது. மிச்சமிருந்தவங்க சிதறிட்டாங்க. சிதறி எங்க போனாங்கன்னு பாருங்க. பாரிட்டோ ஆம்ப்ரோஸ் பேண்டுக்கு, 'ஜைவர்' ஹட்சின்சன் ஜெரால்டோ பேண்டுக்கு, வில்கின்ஸும் பெரிய பெரிய பேண்ட்களுக்கு. எல்லாம் வெள்ளைக்கார பேண்ட். அதுவரைக்கும் இவங்களுக்கு நாற்காலி போடாத பேண்ட்கள். திடீர்னு மனசு மாறிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, வெள்ளைக்கார வாத்தியக்காரங்களை எல்லாம் ராணுவத்துக்கு இழுத்துட்டாங்க, நாற்காலி காலி, ஜனங்களுக்கு டான்ஸ் வேணும். அப்படித்தான் கலந்தாங்க, மை பூசாம.

பாரிட்டோ பின்னாடி சொந்தமா பேண்ட் நடத்தி, ஆஸ்திரேலியாவுல போய்க் குடியேறி, அங்க 1998ல இறந்தார். ஹட்சின்சன் 1944ல பழைய கூட்டாளிங்க பல பேரைச் சேத்து ஒரு கறுப்பின பேண்ட் ஆரம்பிச்சார். இந்த பேண்ட் 1945ல இந்தியாவுக்கு வந்து சுத்தியிருக்கு! எந்த ஆபீசர்ஸ் மெஸ்ல, எந்தக் கூடாரத்துல வாசிச்சாங்களோ, வேலைக்காரனா ஓரமா நின்ன நம்ம ஆள் ஒருத்தன் கால் கட்டாயம் ஆடியிருக்கும். அமெரிக்கச் சிப்பாய்ங்க வந்து இறங்கி இங்கிலாந்துல ஜைவ் ஆட்டம் ஊரெல்லாம் பரவினதுக்கு முன்னாடியே 'ஜைவர்'ங்கிற பேரைச் சுமந்த மனுஷன். பேண்டுக்கு வேலை சரியாக் கிடைக்காம 50கள் ஆரம்பத்துல அதைக் கலைச்சுட்டு மறுபடி ஜெரால்டோகிட்டயே போனார், 1959ல கச்சேரிப் பயணத்துல ரோட்டு விபத்துல போயிட்டார். அவர் பொண்ணு எலேன் டெல்மார் பாடகியாப் பேரு வாங்கினாங்க. மெல்லிசைக் குழு வேன்ல விடிகாலை மூணு மணிக்குத் திரும்பினவன் நான், டிரைவர் தூங்காம இருக்க மாத்தி மாத்திப் பேச்சுக் குடுத்துக்கிட்டே வருவோம், அதனால அந்த ஒரு வரியைப் படிச்சப்ப மத்ததைவிட அதிகமா கஷ்டமா இருந்துச்சு.

தாம்சன்? போர்ல பட்டாளத்துல இருந்தார், திரும்பி வந்து கொஞ்ச காலம் வாசிச்சார், அப்புறம் இசையை விட்டுட்டு ஜெயில்ல இருந்து வர்றவங்களுக்கு உதவற வேலைக்குப் போயிட்டார். 1987 வரைக்கும் இருந்தார். தன் கதையைத் தானே சொல்லிவச்சுட்டுப் போனதால ஒப்பந்தக் கதை நமக்குத் தெரியுது, இல்லன்னா அதுவும் 'குழுவினர்'தான். ஆனா ஜான்சன் பக்கத்துக் கதையைச் சொல்ல ஜான்சன் இல்ல, 26 வயசுல போன ஆளு, அவரும் எழுதியிருந்தா நான் யார் பக்கம் சாய்ஞ்சிருப்பேன்னு அப்பப்ப தோணும்.

போன வாரம் அந்த ரெக்கார்டு லிங்கை எங்க பழைய பாடகனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், ஒண்ணும் எழுதல, லிங்க் மட்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்துச்சு: "செம டா. கிளாரினெட் யாரு?" நான் பேரை டைப் பண்ணி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு: "அப்ப இந்த ஜான்சன் என்ன பண்ணான்?"